விளக்கெண்ணெயும் யௌவனமும்

ஆண்பிள்ளைகளுக்குப் பல்வலி வந்தால் தெருவுக்கே தெரியும். தலைவலி வந்தால் வீட்டில் டெலிவிஷன் ஓடாது. ஆனால் ஒரே ஒரு குறையை மட்டும் கட்டின மனைவியிடம்கூட வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். சுவரில் ஒட்டியிருக்கும் விளம்பரத்தைக் கடைக்கண்ணால் பார்ப்பார்கள். மாதம் ஒரு நாள் லாட்ஜில் வந்து தங்கும் வைத்தியரின் அறை எண்ணை மனப்பாடம் செய்து கொள்வார்கள். இப்பொழுதெல்லாம் விளம்பரம் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. கடைக்கண்ணுக்கு வேலை குறைந்து போயிற்று.

என் நண்பர் ஒருவர் அப்படித்தான் அகப்பட்டுக்கொள்ள இருந்தார். வயது 41. பாங்கில் அதிகாரி. கல்யாணம் சற்றுத் தாமதமாக ஆயிற்று. நாலு வருஷமாகியும் குழந்தை இல்லை. கொஞ்ச நாளாக எதிலும் பிடிப்பில்லாமல், மாலையானால் சோர்ந்து விழுந்து கொண்டிருந்தார். ஒரு நாள் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஹார்மோன் 230 என்று அதில் இருந்தது.

"குறைந்தபட்சம் 300 இருக்கணுமாம், சார். ஆண்களுக்கென்றே ஒரு கிளினிக் இருக்கிறது. மூணு மாசத்துக்கு ஒரு ஊசி. இருபது வயசு திரும்பிவிடும் என்கிறார்கள். நாளைக்குப் போட்டுக்கொள்ளலாமென்று பார்க்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

ஒரு நாவலில் டாக்டரைக் கதாநாயகனாக வைத்ததிலிருந்து நண்பர்கள் என்னை அரை வைத்தியனாகவே நடத்துகிறார்கள். முழு வைத்தியரைப் பார்ப்பதே உத்தமம் என்று, எனக்குத் தெரிந்த ஹார்மோன் டாக்டரம்மா ஒருவரிடம் அவரை அழைத்துக்கொண்டு போனேன். நான் வெளியே உட்காரப் பார்த்தேன். மனிதர் என் கையை விடவில்லை.

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்ததும், "ரத்தம் எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள்?" என்று கேட்டார். சாயங்காலம், பஜ்ஜியும் காப்பியும் ஆன பிறகு! இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருந்து, பொழுது சாயச் சாய இறங்குகிற வஸ்து. காலையில் வெறும் வயிற்றோடு, இரண்டு வெவ்வேறு நாட்களில் பார்த்து, இரண்டிலும் குறைந்திருந்தால்தான் குறைவு என்று ஒப்புக்கொள்வார்கள். அடுத்த கேள்வி, "குறட்டை விடுவீர்களா?" மூன்றாவது கேள்வி, "குழந்தை வேண்டுமென்று இருக்கிறீர்களா?"

நண்பர் பதில் சொல்லாமல் மேஜையையே பார்த்துக் கொண்டிருந்தார். அதுவே பதிலாக இருந்தது.

இளமையை ஊசியில் ஏற்றிவிடும் ஆசை இன்று நேற்று வந்ததல்ல. 1849-ல் பெர்த்தோல்ட் என்ற ஜெர்மானியர், விரை நீக்கிய சேவல்களின் கொண்டை சுருங்குவதையும், விரையைத் திரும்ப வயிற்றுக்குள் வைத்தால் கொண்டை தழைப்பதையும் கண்டார். 1889-ல் பாரிஸில், 72 வயது பிரௌன்-செக்கார் என்ற பேராசிரியர் நாய், கினிப் பன்றி இவற்றின் விரைச் சாற்றைத் தமக்குத் தாமே ஊசி போட்டுக்கொண்டு, மாடிப்படிகளில் ஓடி ஏறுவதாகச் சபையில் அறிவித்தார். அந்தத் தண்ணீர்ச் சாற்றில் இந்த ஹார்மோன் சரியாகக் கரையாது என்பது பிற்பாடு தெரிந்தது. கிழவர் நம்பிக்கையின் பலத்தில் ஏறியிருக்கிறார்! 1931-ல் பூட்டநாண்ட் என்பவர் 15,000 லிட்டர் சிறுநீரைச் சுத்திகரித்து, ஆண் ஹார்மோன் ஒன்றை 15 மில்லிகிராம் பிரித்தெடுத்தார். சிறுநீரை உபகரித்தவர்கள் பெர்லின் போலீஸ்காரர்கள். வேறு எந்த ஊரிலும் போலீஸ் இலாகா விஞ்ஞானத்துக்கு இவ்வளவு தாராளமாக உதவியதாக நான் கேள்விப்படவில்லை. 1935-ல் டெஸ்டோஸ்டிரோனே அகப்பட்டது; அதே வருஷம் ரசாயனச் சாலையில் செய்தும் விட்டார்கள்.

சரக்கு கைக்கு வந்துவிட்டது. அதை உடம்புக்குள் எப்படி அனுப்புவது என்பதில்தான் தகராறு. வாய் வழியே விழுங்கினால் கல்லீரல் வாசலிலேயே நின்று சிதைத்துவிடுகிறது. கல்லீரலை ஏமாற்றச் செய்த பழைய மாத்திரைகள் கல்லீரலையே கெடுத்தன. கொழுப்புள்ள சாப்பாட்டோடு விழுங்கி, நிணநீர் வழியாகச் சுற்றிப் போகிற காப்ஸ்யூல் ஒன்றுக்கு அமெரிக்காவில் 2019-ல் அனுமதி கிடைத்தது. அது ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடும் என்று எச்சரிக்கையும் சேர்த்தே கொடுத்தார்கள்.

இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒரு தரம் போடும் பழைய ஊசி மாதச் சம்பளக்காரன் மாதிரி. முதல் சில நாள் கொண்டாட்டம். கடைசி நாட்களில் கையைப் பிசைதல். மனநிலையும் அப்படியே ஏறி இறங்கும். தோளில் தினமும் பூசும் களிம்பு தினக்கூலி. அளவு அவ்வளவாக ஏறி இறங்காது. ஆனால் பூசிய இடத்தில் குழந்தையைச் சாய்த்துக்கொண்டால் மருந்து குழந்தைக்கும் போய், காலத்துக்கு முன்பே பருவக் குறிகள் தோன்றிவிடும். இதற்காக 2009-ல் அமெரிக்க அரசு களிம்பின் மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கை அச்சிடச் சொன்னது. பூசிக்கொண்டவர் கையைக் கழுவிச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் குழந்தையைத் தூக்க வேண்டும்.

நண்பர் ஆசைப்பட்டது மூன்றாவது ரகம். 1000 மில்லிகிராம், முதலிரண்டு ஊசிக்கு நடுவே ஆறு வாரம், அப்புறம் பத்து முதல் பதினாலு வாரத்துக்கு ஒரு தரம். ஹார்மோன் நிதானமாகக் கசிகிறது. எதில் கரைத்திருக்கிறார்கள் தெரியுமா? விளக்கெண்ணெயில்! சின்ன வயதில் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றினார்களே, அதே எண்ணெய், நடுவயதில் இடுப்புக்குக் கீழே. எண்ணெய்த் துளி அபூர்வமாக நுரையீரலுக்குப் போய் இருமலும் மூச்சுத் திணறலும் உண்டாக்கக்கூடுமாகையால், ஊசிக்குப் பின் அரை மணி அங்கேயே உட்கார வைக்கிறார்கள்.

"இருபது வயசு திரும்புமா, டாக்டர்?"

"திரும்பாது" என்றார் டாக்டரம்மா. அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட 790 பேரை வைத்துச் செய்த சோதனை 2016-ல் வெளிவந்தது. ஆசை ஓரளவு கூடியது. அசதி சொல்லும்படியாகக் குறையவில்லை. 2023-ல் வந்த பெரிய சோதனையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். இருதய நோய் உள்ளவர்கள் அல்லது வரக்கூடியவர்கள். களிம்பு பூசியவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகமாகவில்லை என்பது ஆறுதல். இருதயம் தாளம் தப்புவதும், நுரையீரலில் ரத்தம் உறைவதும் சற்று அதிகமாக இருந்தன. நிஜமாகவே குறைந்தவர்களுக்கு இது நல்ல மருந்துதான். அசதிக்கெல்லாம் டானிக் அல்ல.

"இதெல்லாம் இருக்கட்டும்" என்று அவர் தொடர்ந்து சொன்னதுதான் கிளினிக்கில் யாரும் சொல்லாதது. மூளைக்கு அடியிலிருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பி உத்தரவு அனுப்பினால்தான் விரை வேலை செய்யும். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும், 'போதுமான சரக்கு இருக்கிறதே' என்று அது உத்தரவை நிறுத்திவிடும். பாக்கெட் பால் வாங்க ஆரம்பித்து, வீட்டுப் பசுவைக் கறக்காமல் விட்டால் மடி வற்றிவிடுகிறதல்லவா? அப்படி. ஹார்மோனோடு விந்தணுவும் குறைந்து, பலருக்கு அறவே இல்லாமல் போய்விடும். ஊசியானாலும் களிம்பானாலும் இதில் வித்தியாசமில்லை. நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும். அதற்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் ஆகும். நண்பரின் மனைவிக்கு 37 வயது.

நண்பர் என் கையை அப்பொழுதுதான் விட்டார்.

காலைப் பரிசோதனையிலும் அளவு குறைவாகவே இருந்தது. உத்தரவு போதாமல்தான் வேலை நடக்கவில்லை என்று மற்றப் பரிசோதனைகள் காட்டின. இப்படிப்பட்டவருக்கு இரண்டு வழி. ஒன்று, விரையை நேரே தட்டியெழுப்பும் எச்.சி.ஜி. ஊசி, வாரத்தில் இரண்டு மூன்று. அது வெகு காலமாகக் கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து எடுக்கப்படுகிறது. போலீஸ்காரர்களோடு அவர்களுக்கும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம். மற்றொன்று, பிட்யூட்டரியை உசுப்பி உத்தரவு போட வைக்கும் குளோமிஃபீன் மாத்திரை. அமெரிக்காவில் அது ஆண்களுக்கென்று அனுமதி பெற்றதல்ல. டாக்டர்கள் தங்கள் யோசனையின்பேரில் தருகிறார்கள். நண்பருக்கு மாத்திரையும், அதோடு பத்து கிலோ எடை குறைக்க வேண்டுமென்ற தண்டனையும் கிடைத்தன. தொப்பை கரைந்தால் ஹார்மோன் தானாகவே கொஞ்சம் ஏறுமாம். குறட்டைக்குத் தனி வைத்தியம்.

மருந்துக் கடைப் பையன் சீட்டைப் பார்த்துவிட்டு, "மேடத்துக்கா, சார்?" என்று கேட்டிருக்கிறான். அது பெண்களுக்குக் கருமுட்டை வளரத் தருகிற மாத்திரை. "எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டாராம், கடையில் நாலு பேர் நிற்கும்போதே. அன்று ராத்திரி மனைவியிடமும் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள், குறை தம்முடையதென்றே நினைத்து, நாலு வருஷமாக வெள்ளிக்கிழமை விரதம் இருந்து கொண்டிருந்தார்.

போன வாரம் பார்த்தேன். அளவு 410-க்கு வந்திருக்கிறது. ஆறு கிலோ குறைந்திருக்கிறார். குழந்தை இன்னும் இல்லை. காலையில் இருவருமாக நடக்கப் போகிறார்கள். அம்மாள் வேகமாக நடக்கிறாராம். இவரால் கூடவே போக முடியவில்லை என்று புகார் செய்தார்.