காணாமல் போகும் பெயர்கள்

எந்த அலுவலகத்திலும் பெயர்ப் பட்டியல் சுத்தமாக இருந்ததில்லை. ஒருவர் எல்லாவற்றையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடித்திருப்பார். இன்னொருவர் இரண்டு சொற்களுக்கு நடுவே ஸ்பேஸ் பாரை மூன்று முறை தட்டியிருப்பார். மாதக் கடைசியில் ரிப்போர்ட் போடும் ஊழியர் ஆயிரம் பெயர்களைக் கையால் திருத்த முடியுமா? அதற்குத்தான் பார்முலா.

எக்செல்லில் டிரிம் கொடுத்தால் முன்னும் பின்னும் உள்ள வெற்றிடம் போய்விடும். நடுவில் ஒன்றே ஒன்று மிஞ்சும். பிராப்பர், ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்கும். வேலை முடிந்தது என்று எழுந்துவிடத் தோன்றும். ஆனால் இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்த பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும் 160ஆம் எண் வெற்றிடத்தை டிரிம் தொடாது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரு பெயர்களை இரண்டு ஆட்கள் என்றே கம்ப்யூட்டர் சாதிக்கும். அதை நீக்க சப்ஸ்டிட்யூட் வேண்டும். புள்ளியில்லாமல் அடித்த ஐஏஎஸ் பட்டத்தில் பின்னிரண்டு எழுத்துகளை பிராப்பர் சிறிதாக்கிவிடும்.

இவை சில்லறைத் தொல்லைகள். பெயரை உடைக்கும்போதுதான் வம்பு. முதல் வெற்றிடம் வரை முதற்பெயர், மிச்சம் குடும்பப்பெயர் என்பது மேல்நாட்டுக் கணக்கு. ஆந்திராவில் வீட்டுப்பெயர் முன்னால் வரும். மகாராஷ்டிரத்தில் நடுவில் நிற்பது அப்பா பெயர். தமிழரின் இனிஷியலும் பெரும்பாலும் அப்பாவுடையதே. பார்முலா அதையே சொந்தப் பெயராக்கி, ‘அன்புள்ள கே’ என்று கடிதம் அனுப்பும்.

ஒற்றைப் பெயர்க்காரர் பாடு இன்னும் மோசம். கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸில் முதற்பெயரையும் குடும்பப்பெயரையும் பிளஸ் குறியால் இணைக்கும்போது, இரண்டில் ஒன்று ‘நல்’, அதாவது எதுவுமே பதிவாகாத கட்டம் என்றால், வழக்கமான அமைப்பில் விடை முழுவதும் வெற்றாகிவிடும். இல்லாத குடும்பப்பெயர், இருக்கிற பெயரையும் இழுத்துக்கொண்டு போகிறது. எச்சரிக்கை எதுவும் வராது. மொத்த எண்ணிக்கைகூடச் சரியாக இருக்கும். கல்வி உதவித்தொகைப் பட்டியலில் அந்த வெள்ளை இடம், ஒற்றைப் பெயரோடு பிறந்து வளர்ந்த ஒரு மாணவி.

மருந்து ஒரு வரிதான். இணைப்பதற்கு முன்பே ‘இஸ்நல்’ போட்டுக் கேட்டு, குடும்பப்பெயர் இல்லையென்றால் இருப்பதை மட்டும் அச்சிடச் சொல்ல வேண்டும். இணைத்த பிறகு கேட்டுப் பயனில்லை. ஆனால் குடும்பப்பெயர் எல்லாருக்கும் உண்டு என்று நம்புகிறவருக்கு இந்தக் கேள்வியே தோன்றாது.

ஆகவே மூலப் பெயர் இருக்கும் கட்டத்தில் கை வைக்காமல், திருத்தியதைப் பக்கத்தில் வேறு கட்டத்தில் வைப்பது நல்லது. அச்சிடுமுன் வெற்றாக உள்ள வரிகளை ஒருமுறை எண்ணிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் ஒருவருக்கு ஒரு வருடப் படிப்பாக இருக்கலாம்.