அப்பாவின் டிவிஎஸ் 50

சின்ன வயசில், தெருமுனை திரும்பும்போதே அப்பாவின் டிவிஎஸ் 50 சத்தம் எனக்குத் தெரிந்துவிடும். அதே தெருவில் இன்னும் மூன்று டிவிஎஸ் 50 உண்டு. அவை போனால் தலையைக்கூடத் தூக்கமாட்டேன். காரணம் பாசம் மட்டுமா? ஹேண்டில்பாரில் தொங்கும் பக்கோடா பொட்டலமும்தான்!

2001ல் ஷாவோவென் பாவோ, மைக்கேல் மெர்செனிக் குழுவினர் எலிகளுக்கு ஒரு குறிப்பிட்ட ஒலியைக் கேட்கவைத்து, அதோடு சேர்த்து மூளையில் டோபமைன் சுரக்கும் பகுதியை மின்சாரத்தால் தூண்டினார்கள். (பக்கோடா இல்லாமலே பக்கோடா சந்தோஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) பிறகு பார்த்தால், ஒலியை வாங்கும் மூளைப் புறணியில் அந்த ஒலிக்கான இடம் பெரிதாகியிருந்தது. அதை ஒட்டிய அதிர்வெண்களுக்கான இடம் சுருங்கிப்போயிருந்தது.

இதைப் படித்ததிலிருந்து ஒரு உறுத்தல். அம்மாவும் வேலைக்குப் போய்த்தான் வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி, நடந்து, அநேகமாக வெறுங்கையோடு. அவள் வரும் சத்தம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. எலிச் சோதனையை வைத்து இப்படிக் கணக்குப் போடக்கூடாதுதான்...

நேற்று போனில் கேட்டேவிட்டேன்.

"வார் அறுந்து ஊக்குப் போட்ட செருப்பு, டப்பு டப்புனு அடிக்குமேடா" என்று சிரித்தாள்.

எனக்கு அந்தச் செருப்பே ஞாபகம் இல்லை.