தாவீது கேட்காத கேள்வி

தாவீது என்றால் நமக்குக் கோலியாத்தும் சங்கீதமும்தான். அவர் வீட்டுக்குள் நடந்ததை யாரும் அதிகம் பேசுவதில்லை.

மூத்த மகன் அம்னோன், வேறு தாய் வயிற்றுத் தங்கை தாமாரைக் கெடுத்தான். ராஜாவுக்குக் கோபம் வந்தது, அதோடு சரி. தாமாரின் கூடப்பிறந்த அண்ணன் அப்சலோம் 2 வருடம் காத்திருந்து அம்னோனைக் கொன்றான். பிறகு 3 வருடம் கேசூரில், அம்மாவழித் தாத்தாவிடம். எருசலேம் திரும்பியும் 2 வருடம் அப்பா முகத்தைப் பார்க்க அனுமதியில்லை. பேங்க் புத்தி, கூட்டிப் பார்த்தேன்: 7. சஸ்பென்ஸ் கணக்கில் ஒரு தொகையை இத்தனை வருடம் கிடக்க விட்டால் ஆடிட்டர் சும்மா இருப்பாரா? அப்புறம் கலகம், எப்பிராயீம் காடு, அப்சலோமின் சாவு, தகப்பனின் அழுகை.

இங்கே புனேயில், இரவு ஜெபத்தில் இதை வாசித்தபோது பத்தாவது படிக்கும் என் மகள், "ராஜா ஏம்ப்பா அம்னோனைத் தட்டிக் கேக்கலை?" என்றாள். அடுத்தவன் மனைவி பத்சேபாளை அழைத்துவரச் சொன்னவர் அல்லவா, நாக்கு எழும்பியிருக்காது என்றேன்.

"கர்த்தர்தான் அவரை மன்னிச்சிட்டாரே, அப்புறம் கேக்க என்ன?"

எனக்கும் அவள் சொல்வதுதான் சரியென்று படுகிறது.

தாமார் அண்ணன் வீட்டிலேயே முடங்கினாள். அதற்குமேல் அவளைப் பற்றி வேதத்தில் இல்லை. அடுத்த அதிகாரத்தில் அப்சலோமுக்கு ஒரு மகள் இருப்பதாக வருகிறது. அவளுக்கு அவன் வைத்த பெயர் தாமார்.