பில்லுக்குள் ஒரு பெயரெச்சம்

 

போன தீபாவளிக்கு எங்க அம்மா டவுனில் தம்பிக்கு ஒரு சட்டை எடுத்து வந்தார்கள். விலை 280 ரூபாய். வீட்டில் போட்டுப் பார்த்தால் அக்குளில் பிடித்தது. பட்டனும் போட வரவில்லை. அம்மா பில்லை என்னிடம் நீட்டி, "இதுல என்னமோ இங்கிலீசுல போட்டிருக்கு. மாத்தித் தருவாங்களான்னு பாரு பாப்பா" என்றார்கள்.

பில்லின் அடியில் பொடி எழுத்தில் ஒரே ஒரு வரி. 'குட்ஸ் ஒன்ஸ் சோல்டு வில் நாட் பி டேக்கன் பேக்.' ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்தேன். 'குட்ஸ்' என்றால் பொருள்கள். 'ஒன்ஸ்' என்றால் ஒரு தடவை. 'சோல்டு' என்றால் விற்றார்கள். அப்புறம் 'நாட்' இருக்கிறது, 'பேக்' இருக்கிறது. எல்லா வார்த்தைக்கும் எனக்கு அர்த்தம் தெரியும். அதனால் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்: "ஒரு தடவை மாத்திக்கலாம்மா. ரெண்டாந் தடவைதான் மாத்த முடியாது."

மறுநாள் அம்மா களையெடுக்கப் போகாமல் என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார்கள். கடைக்காரர் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். "வித்த சரக்கை திரும்ப எடுக்க மாட்டோம்னு போட்டிருக்கே. புள்ள படிக்குதுல்ல?" என்றார். அம்மா என்னைத் திட்டவில்லை. பஸ்ஸில் வரும்போதும் ஒன்றும் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. ஒரு நாள் கூலி என்னால் போச்சு. ராத்திரி சட்டையின் பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே மடித்திருந்த துணியை வெளியே விட்டு, கையாலேயே தைத்துக் கொடுத்தார்கள்.

பள்ளி திறந்ததும் அந்தப் பில்லை ஆங்கில டீச்சரிடம் காட்டினேன். டீச்சர் சிரிக்கவில்லை. "தமிழ் வகுப்புல பெயரெச்சம் படிச்சீங்கல்ல, அதுதான் இது" என்றார்கள். எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது.

'விற்ற பொருள்', 'பாடுகின்ற பெண்' என்பதில் 'விற்ற', 'பாடுகின்ற' இரண்டும் பெயரெச்சம். தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வரும். அதற்குத் துணையாக வரும் வினையடையும் முன்னாலேயே வந்துவிடும். 'இனிமையாகப் பாடுகின்ற பெண்' என்கிறோம். ஆங்கிலத்தில் தனியாக வந்தால் அதுவும் முன்னால்தான் நிற்கும். 'புரோக்கன் டோர்' என்றால் உடைந்த கதவு. ஆனால் தனக்குப் பின்னால் துணைக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தால், பெயருக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். 'தி கேர்ள் சிங்கிங் ஸ்வீட்லி' என்றால் இனிமையாகப் பாடுகின்ற பெண்.

டீச்சர் கரும்பலகையில் இன்னொன்றும் எழுதிக் காட்டினார்கள். 'நேற்று சந்தையில் விற்ற ஆடு.' இதை ஆங்கிலத்தில் சொன்னால் 'தி கோட் சோல்டு இன் தி மார்க்கெட் எஸ்டர்டே.' தமிழைக் கடைசியிலிருந்து படித்துப் பாருங்கள். ஆடு, விற்ற, சந்தையில், நேற்று. கண்ணாடியில் பார்த்த மாதிரி அப்படியே திரும்பி இருக்கிறது!

அப்படியானால் நான் எங்கே ஏமாந்தேன்? இரண்டு இடத்தில். முதலாவது 'சோல்டு'. தமிழில் 'விற்றார்கள்' என்றால் வினைமுற்று, 'விற்ற' என்றால் பெயரெச்சம். பார்த்தவுடன் வித்தியாசம் தெரியும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'சோல்டு' என்ற ஒரே உருவம். 'எழுது' என்பதற்கு 'ரோட்', 'ரிட்டன்' என்று வேறு வேறாக இருப்பதால் அங்கே குழப்பம் வராது. 'சோல்டு' மாதிரி வார்த்தைகளில்தான் மாட்டிக்கொள்வோம். உண்மையான வினை எது என்று தேட வேண்டும். இந்த வரியில் அது 'வில் நாட் பி டேக்கன் பேக்.' திரும்ப எடுக்கப்பட மாட்டாது.

இரண்டாவது 'ஒன்ஸ்'. அது யாருடைய துணை என்று நான் பார்க்கவில்லை. அது விற்றதற்குத் துணை. நான் அதைப் பிடுங்கி, மாற்றுவதற்குத் துணையாக வைத்துவிட்டேன். 'ஒருமுறை விற்ற பொருள் திரும்ப எடுக்கப்பட மாட்டாது' என்பது 'ஒருமுறை மாற்றலாம்' என்று ஆகிவிட்டது. வார்த்தை எல்லாம் சரி, சேர்த்த இடம்தான் தப்பு.

டீச்சர் சொல்லிக் கொடுத்த வழி சுலபமானது. பெயருக்குப் பின்னால் இப்படி ஒரு சொல் வந்தால், 'எந்தப் பொருள்?', 'எந்தப் பெண்?' என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு அந்தச் சொல் பதில் சொன்னால் அது பெயரெச்சம் மாதிரிதான்.

தோழிகளே, தோழர்களே! நம்மில் பல பேர் வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் நாம் மட்டும்தான். மாத்திரை அட்டை, பில், பேங்க் தாள் எல்லாம் நம் கைக்குத்தான் வருகிறது. நாம் சொல்வதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். புரியாவிட்டால் "புரியலம்மா, டீச்சர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நான் அன்றைக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

தம்பி இன்னும் அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறான். பக்கத்தில் அம்மாவின் தையல் தெரியும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 'குட்ஸ் ஒன்ஸ் சோல்டு' ஞாபகம் வந்துவிடும். இனி மறக்காது.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி