ஐந்தாவது பஞ்சர்

என் மகன் நெல்லிக்குப்பத்திலிருந்து கடலூரிலுள்ள கல்லூரிக்கு மிதிவண்டியில் சென்று வருகின்றான். அவனுடைய தாய்மாமன் வாங்கிக் கொடுத்த, மெல்லிய சக்கரங்களைக் கொண்ட பந்தய வகை வண்டி அது. சென்ற ஆண்டு கரும்பு அரவைக் காலத்தில் ஒரே மாதத்தில் அதன் பின்சக்கரம் நான்கு முறை பஞ்சரானது. முதல் முறையும் நான்காம் முறையும் எங்கள் தெருமுனையிலுள்ள பெரியவரின் கடையருகே காற்று இறங்கியது. முதல் பஞ்சரை ஒட்டியவரும் அவரே.

“இந்தக் கடைக்காரர்தான் சாலையில் ஆணியைப் போட்டு வைக்கிறார்” என்று மகன் எதிரிலேயே சொல்லிவிட்டேன்.

“கண்ணால் பார்த்தீர்களா?” என்று என் மனைவி கேட்டாள். நான் பதில் கூறவில்லை. அன்று முதல் வண்டி வேறு கடைகளுக்குச் சென்றது. பெரியவர் எதிர்ப்பட்டால் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

என் எண்ணத்திற்கு ஒரு பழைய நினைவும் துணை நின்றது. நான் சிறுவனாக இருந்தபோது, பாரி சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் மாட்டு வண்டிகள் வரிசையாகப் போகும். மாடுகளின் குளம்பிலிருந்து கழன்று விழுந்த லாட ஆணிகள் என் அத்தாவின் சைக்கிளைப் பலமுறை பதம் பார்த்திருக்கின்றன. பஞ்சர் என்றாலே ஆணிதான் என்பது என் முடிவாகிவிட்டது.

ஐந்தாம் முறை காற்று இறங்கியது ஒரு தேர்வு நாளில். மகனைப் பேருந்தில் ஏற்றிவிட்டு, வேறு வழியின்றி வண்டியைப் பெரியவரிடமே தள்ளிச் சென்றேன். “வாங்க பாய்” என்றார், எதுவும் நடவாதது போல.

வால்வுக்கு நேராக டயரில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்ட பிறகே டியூபை வெளியே எடுத்தார். தண்ணீர்ச் சட்டியில் அமிழ்த்திக் குமிழி வந்த இடத்தைக் கண்டார். பின்னர் டியூபைச் சக்கரத்தின் மேல் பழையபடியே வைத்துக் காட்டினார். ஓட்டை டியூபின் உட்பக்கத்தில், ரிம்மை ஒட்டி இருந்தது. பழைய ஒட்டுகளில் மூன்றும் அதே பக்கத்தில்தான் இருந்தன.

“சாலையில் கிடக்கும் முள் வெளிப்பக்கம்தானே குத்தும் பாய்? முதலில் நான் ஒட்டியது முள் குத்தியது. பிறகு டயரைக் கழற்றி மாட்டிய யாரோ உள்ளே இருந்த ரிம் பட்டையை விலக்கிவிட்டார்கள். ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு ஓட்டையைத்தான் பார்த்திருக்கிறார்கள்” என்றார்.

கம்பிகளைப் பிடித்து நிறுத்தும் நிப்பிள்களின் துளைகளை அப்பட்டை மூடியிருக்க வேண்டும். மெல்லிய டயரில் சதுர அங்குலத்திற்கு 80 முதல் 100 பவுண்டு வரை காற்று அடைக்கப்படுவதால், பட்டை விலகிய இடத்தில் டியூப் துளைக்குள் பிதுங்கி, அதன் கூரிய விளிம்பில் அறுபட்டுவிடுகிறது.

அவர் மேலும் கூறியவை நம் இல்லங்களுக்குப் பயன்படும். அருகருகே இரண்டு ஓட்டைகள் இருந்தால், காற்றுக் குறைவாக இருந்தபோது பள்ளத்தில் இறங்கி, ரிம் டியூபைக் கடித்திருக்கிறது என்று பொருள். வெளிப்பக்கம் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் ஓட்டை விழுந்தால், முள்ளின் முனையோ கம்பித் துணுக்கோ டயருக்குள்ளேயே தங்கியிருக்கும். டயரின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்தால், பஞ்சிழை சிக்கி அவ்விடத்தைக் காட்டிக்கொடுக்கும். ஓட்டையே இல்லாமல் காற்று இறங்கினால் வால்வைப் பார்க்க வேண்டும். மெல்லிய டயரில் காற்று தானாகவே குறையும். ஆகவே வாரம் ஒருமுறையேனும் அளவுமானி வைத்து அடிப்பது நல்லது.

1888-இல் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் காற்று டயருக்குக் காப்புரிமை பெற்றார். தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டுமென்றே அவர் அதனைச் செய்தார். அவரும் ஒரு தந்தை, நானும் ஒரு தந்தை! என் மகனின் சக்கரத்திற்காக நான் செய்ததோ, ஓர் உழைப்பாளியின் மீது பழி சுமத்தியதுதான்.

புதிய துணிப்பட்டை சுற்றி முடித்ததும் பெரியவரிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “அப்படி நினைத்தவர்களில் நீங்கள் முதல் ஆள் இல்லை பாய்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது.

அன்றிரவு மகனிடம் நடந்ததைக் கூறினேன். அவன் தலைகுனிந்து, “அத்தா, நீங்கள் சொன்னதை நான் என் நண்பர்களிடமும் சொல்லிவிட்டேனே!” என்றான்.

மறுநாள் மாலை அவனை அழைத்துக்கொண்டு அந்த நான்கு வீடுகளுக்கும் நடந்தேன். வண்டி அதற்குப் பின் பஞ்சராகவில்லை. அந்த நான்கு வீடுகளிலிருந்து அச்சொல் வேறெங்கெல்லாம் சென்றதோ, அதனை மட்டும் என்னால் கண்டறிய இயலவில்லை.