பாறையிலும் மணலிலும்

ஸ்காட்லாந்தின் கடலோரங்களில் செங்குத்தான பாறைச் சுவர்கள் உண்டு. அவற்றின் விளிம்புகளில் கில்லிமாட் என்னும் கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் நெருங்கியமர்ந்து குஞ்சு பொரிப்பதைக் காண மக்கள் படகேறிச் செல்கின்றனர். அப்பறவை கூடு கட்டுவதில்லை. வெறும் பாறையில் ஒரே முட்டையிடும். மூன்று வாரக் குஞ்சு, நன்கு பறக்கக் கற்குமுன்னரே உச்சியிலிருந்து கடலுக்குத் தாவிவிடும். கீழே தந்தைப் பறவை குரல் கொடுத்துக் காத்திருந்து, பல வாரங்கள் உடன் நீந்தி உணவூட்டும்.

சென்னைவாசிகளாகிய நமக்கு அத்தகைய பாறைகள் வாய்க்கவில்லை. சாந்தோமிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலே. ஆயினும் இம்மணலுக்கும் ஒரு தாய் வருகிறாள். பங்குனி ஆமை என்று மீனவர் அழைக்கும் அக்கடலாமை, தை பிறந்தது முதல் இரவுகளில் கரையேறுகிறது.

மாசி மாத இரவொன்றில் பங்கு இளைஞர் நால்வருடன், கடலாமைப் பாதுகாப்பு மாணவர் குழுவினரைப் பின்தொடர்ந்து நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்தேன். ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர். ஐம்பது கடந்தவனுக்கு மணல்நடை எளிதன்று. 1988 முதல் அக்குழுவினர் பருவந்தோறும் இவ்வாறு நடந்து, முட்டைகளைத் தேடியெடுத்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கின்றனர்.

நள்ளிரவுக்குப் பின் ஒன்றைக் கண்டோம். பின்துடுப்புகளால் குடம் போன்ற குழி பறித்து, நூறளவு முட்டைகளையிட்டு, மணலை மூடித் தன் உடலாலேயே தட்டி இறுக்கியது. கண்களில் நீர் வழிந்தது. உடலின் உப்பை வெளியேற்றும் நீரே அது என்று அறிந்திருந்தும், இளைஞன் ஒருவன் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். பின்னர் அது திரும்பிப் பாராமல் கடலுள் மறைந்தது.

இக்குஞ்சுகளுக்குத் தந்தையின் குரலும் இல்லை. ஐம்பது நாள் அளவில் வெளிவந்து, ஒளி மிகுந்த திசையே கடலென்று நம்பி ஓடும். இருண்ட கரையில் அந்நம்பிக்கை பொய்ப்பதில்லை. இன்றோ நிலப்பக்கமே ஒளிமயம்! வேளாங்கண்ணி அன்னை ஆலயத் திருவிழா செப்டம்பர் 8-இல் முடிந்துவிடுவதால் அதன் விளக்குகளால் ஆமைக்கு இடையூறில்லை என்று அன்பர் ஒருவர் எனக்கு ஆறுதல் கூறினார். மெய்தான். மாடிவீட்டு விளக்குகளோ மாசியிலும் அணைவதில்லை.

2025 ஜனவரியில் சென்னைக் கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கிய ஆமை மூச்செடுக்க மேலெழ இயலாது. கரையோரத்து ஐந்து கடல்மைல் எல்லைக்குள் விசைப்படகுகள் இழுவலை வீசலாகாது என்னும் விதி ஏட்டில் உறங்குகிறது. கட்டுமரக்காரரைக் குறை கூறுவது நியாயமன்று.

வலையைத் திருத்துவது நம் கையில் இல்லை. கடலை நோக்கி வீடுடைய அன்பர்கள், தை முதல் சித்திரை வரை இரவில் அப்பக்கத்து விளக்குகளை அணைத்து வைக்கலாம். அதுவும் அரிதெனில், திரைச்சீலையை இழுத்து மூடினாலும் போதும்.