பெயரில்லாப் பசுமுகம்

இங்கிலாந்தின் பழைய தேவாலயங்களில் தூண்களின் தலைப்பையும் கூரை வளைவுகள் கூடும் முடிச்சுகளையும் அண்ணாந்து நோக்குவோர்க்கு வியப்பொன்று காத்திருக்கும். அங்கே இலைகளால் ஆகிய ஒரு மனித முகம் தோன்றும். சிலவற்றில் வாயினின்றும் கொடிகள் புறப்பட்டுக் கன்னங்களைச் சூழும். சிலவற்றில் கண்களினின்றே தழைகள் கிளைக்கும். எக்ஸிட்டர் பேராலயத்தில் இவை பல. ஸ்காட்லாந்தின் ராஸ்லின் ஆலயத்திலோ நூற்றுக்கும் மேல். வேதத்தில் இடம்பெறாத இம்முகம் வணக்கத் தலத்துள் புகுந்தது எவ்வாறு?

இதற்கு இன்று உலகறிந்த பெயர் 'பச்சை மனிதன்'. பெயரைக் கேட்டதும், ஆதிகால வன தெய்வம் ஒன்று புதிய சமயத்தின் கூரையடியில் ஒளிந்து வாழ்கிறது என்றே எண்ணத் தோன்றும். நானும் நூல்களில் இதன் படங்களைக் காணுந்தோறும் அக்கதையின் அழகில் மயங்கியதுண்டு. ஆனால் இச்சிற்பத்திற்கு அப்பெயர் வாய்த்தது 1939-இல்தான்! ராக்லன் சீமாட்டி, வேல்ஸ் நாட்டு லாங்கும் ஆலயத்தில் இத்தகைய முகமொன்றைக் கண்டு, நாட்டார் வழக்காற்று ஆய்விதழில் கட்டுரை வரைந்தார். மே மாதத் திருவிழாவில் தழை போர்த்து ஆடும் உருவமும், ராபின் ஹூட்டும், இம்முகமும் ஒன்றே என்பது அவர் துணிபு.

அத்துணிபு நிலைக்கவில்லை. தழை போர்த்த அந்த ஆட்டம் 18-ஆம் நூற்றாண்டில் லண்டன் புகைபோக்கித் துப்புரவாளர்களிடையே உருவானது என்பதை ராய் ஜட்ஜ் 1979-இல் நிறுவினார். அதற்கு முந்திய ஆண்டில் நூல் வெளியிட்ட தாவரவியலார் கேத்லீன் பாஸ்ஃபோர்டு, இம்முகத்தின் மூலத்தை உரோமானியரின் இலை முகமூடிச் சிற்பங்களில் கண்டார். ஜெர்மனியின் டிரையர் நகரில், 6-ஆம் நூற்றாண்டிலேயே, இடிந்த உரோமானியக் கட்டடத்தின் இலைமுகத் தூண் தலைப்புகள் பேராலயத்துள் எடுத்து வைக்கப்பட்டன. மேலும், பல முகங்களில் அவர் கண்டது வசந்தத்தின் களிப்பை அன்று, வேதனையையும் அச்சத்தையுமே.

எனினும் கதை ஓயவில்லை. மன்னர் மூன்றாம் சார்லஸின் 2023 முடிசூட்டு விழா அழைப்பிதழிலும் இம்முகம் வசந்தத்தின் சின்னமாகவே வீற்றிருந்தது.

மேலைநாட்டு எழுத்தாளர் சிலர் இவ்வுருவை நம் கிள்ரு (அலை) அவர்களோடும் இணைத்துப் பேசுவர். 'பசுமையானவர்' என்னும் பொருளுடைய அத்திருப்பெயரைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது இனிக்கத்தான் செய்யும். அங்கேதான் நாம் விழித்திருத்தல் வேண்டும். அவர் அமர்ந்த வறண்ட நிலம் பசுமையுற்றதால் அப்பெயர் வாய்த்தது என்பது நபிமொழி தரும் விளக்கம். ஆலயத்து முகத்திற்கோ, அதைச் செதுக்கியோர் இட்ட பெயர் எதுவென்று காட்டும் ஏடு ஒன்றேனும் நம் கைக்கு எட்டவில்லை. நிறம் ஒத்தால் உறவு ஆகிவிடுமா? நமக்குப் பெருமை தரும் செய்தி எனினும், சான்றின்றி அதை ஏற்பது அறிவுக்குச் செய்யும் துரோகம் அன்றோ?

அறிவும் ஓர் அமானிதமே. முன்னோர் பேசியதைக் காப்பது போலவே, அவர்கள் பேசாது விட்ட இடத்தில் நம் குரலை நுழைக்காதிருப்பதும் அவ்வமானிதத்தைப் பேணுவதாகும். உளியேந்திய அக்கைகள் தம் பெயரையும் பொறிக்கவில்லை, முகத்தின் பெயரையும் பொறிக்கவில்லை. அந்த மௌனத்தையும் மதிக்கக் கற்பதே வரலாற்றுக்கு நாம் காட்டும் நேர்மை.